செக்கப் நோட்டில் இல்லாத பக்கங்கள்

தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் தேயிலை. 2013-ல் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கை கழுவுகிற சாக்கில் பின்கதவைத் திறந்து, நர்சம்மா கொடுத்த சிவப்பு மாத்திரையை அந்தச் செடிகளுக்குள் எறிந்துவிடுவேன். ஒரு நாள் காலையில் மழை விட்டிருந்தது. மாமி, அதாவது என் மாமியார், குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். போய்ப் பார்த்தால் செடியின் தூரில் ஏழெட்டு மாத்திரைகள். மேல்பூச்சு கரைந்து சிவப்பு வழிந்திருந்தது. உள்ளே இருந்த மாவு ஊறி, துருப்பிடித்த ஆணி நிறத்தில் கிடந்தது. மாமி திட்டவில்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, "நல்லதுதான் செஞ்ச புள்ள. இரும்பத் தின்னா சிசு கறுத்துப் போகும்" என்றார்.

அந்த நேரம் என் செக்கப் நோட்டு வீட்டுக்குள் சாமி படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. அதற்கு முறையான பெயர் தாய் சேய் நல அட்டை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது 'நோட்டு'தான். தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். அந்த வரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் எறிந்தேன்.

2016-லிருந்து கோத்தகிரிப் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடும் கைப்பிள்ளையோடும் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன். "படிச்ச பொண்ணுதான, புக்குல போட்டிருக்கே, ஏன் கேக்க மாட்டேங்குறா?" என்று யாராவது ஒரு தாயைக் குறை சொன்னால் எனக்கு அந்தத் தேயிலைத் தூர்தான் ஞாபகம் வரும். ஒரு புத்தகம் வீட்டுக்குள் வரும்போது அந்த வீடு காலியாக இருப்பதில்லை. மாமியார் இருக்கிறார், அவர் பெற்றதும் இழந்ததும் இருக்கிறது, பக்கத்து வீட்டு அனுபவம் இருக்கிறது. நோட்டில் உள்ள வரி இவ்வளவையும் தாண்டித்தான் தாயிடம் வந்து சேர வேண்டும்.

மாமி இலங்கையிலிருந்து வந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களில் ஒரு குடும்பம். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார்கள். இங்கேயும் அதே கொழுந்து, அதே லைன் வீடு. ஐந்து பெற்றார், மூன்றுதான் தங்கியது. அப்படிப்பட்ட ஒருவர் சொல்லும் சொல்லுக்கு எதிராக, யாரோ அச்சடித்துக் கொடுத்த ஒரு வரி எப்படி நிற்கும்? மாமியை மூடநம்பிக்கைக்காரி என்று யாரும் நினைக்கக் கூடாது. தன் கண்முன் நடந்ததை வைத்து அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கில் நோட்டுக்கு இடம் இல்லை.

இடம் இருந்ததெல்லாம் பணத்துக்குத்தான். அப்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 12,000 ரூபாய், மூன்று தவணையாக வரும். 2018-ல் அது 18,000 ஆனது. நோட்டு இருந்தால்தான் செக்கப், செக்கப் இருந்தால்தான் பணம். வீட்டில் யாரும் அதைத் திறக்கவில்லை, தொலைக்கவும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் பயிற்சியில் ஒரு தகவல் கேட்டேன். கர்ப்பிணிகளுக்குக் கைப்புத்தகம் கொடுக்கும் பழக்கத்தை ஜப்பான்காரர்கள் 1942-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கினார்களாம். அந்தப் புத்தகத்தைக் காட்டினால் கர்ப்பிணிக்கு ரேஷனில் கூடுதலாகக் கிடைக்கும். 1948-ல் தாயையும் குழந்தையையும் ஒரே புத்தகத்தில் சேர்த்தார்கள். அங்கேயும் அரிசிக்காகத்தான் புத்தகம் வீட்டுக்குள் போயிருக்கிறது. எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் ரேஷன் கார்டோடு அது இருந்தது எனக்கு அப்போது பொருத்தமாகவே தோன்றியது. பிறகு அதைத் திறந்து படிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் முதல் பிரசவத்தில் வாய்க்கவில்லை. நான் போன இடத்தில் எடை, பிரஷர், ரத்தம் மூன்றையும் எழுதி நோட்டை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியே நாற்பது பேர் நிற்கும்போது அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

ஆறாம் மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை; 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பயந்துபோய் மாத்திரையை உண்மையாகவே விழுங்க ஆரம்பித்தேன். ஒரு நாள்கூட விடவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் 8.4. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமிக்கோ அவர் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. "பாத்தியா, அந்த மாத்திரையில ஒன்னும் இல்ல."

ட்ரிப் மூலம் இரும்புச்சத்து ஏற்றச் சொன்னார்கள். அந்த அறையில் இருந்த வயதான நர்சம்மா ஒருவர், ஊசி போட நரம்பு தேடிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "மாத்திரைய எதோட முழுங்குற?"

"டீயோடம்மா. வெறும் தண்ணியில முழுங்கினா இரும்பு வாடை கொமட்டுது."

அவர் கையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத இத்தன நாளா யாருமே கேக்கலியா உன்ன?"

யாரும் கேட்கவில்லை. நான் படித்த நோட்டிலும் அது இல்லை. தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்பவள், விடியற்காலை எழுந்ததும் ஒரு பிளேன்டீ (பால் சேர்க்காத டீ), வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, மலையில் பாட்டிலில் கொண்டுபோவது, சாப்பாட்டோடு ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று என்று குடிப்பவள். டீயின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டு, உடம்பில் சேரவிடாமல் வெளியே அனுப்பிவிடும். மாத்திரை வயிற்றுக்குள் போனது, ரத்தத்துக்குப் போகவில்லை. சமவெளியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். இங்கே மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்பதே அந்த டம்ளரில்தான் இருக்கிறது.

மகள் 2.2 கிலோவில் பிறந்தாள். இரண்டரைக்குக் கீழே என்றால் எடை குறைந்த பிள்ளை. மாத்திரையை எறிந்ததுதான் ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு 20 வயது, எட்டாம் மாதம் வரை மேடு ஏறி இறங்கினேன். ஆனால் அந்த எண்ணை நோட்டில் பார்க்கும்போது இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

இந்த டீ விஷயத்தை மற்றவர்களிடம் நான் வாயால் சொல்லிச் சொல்லித் தோற்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் டீயோடுதான் விழுங்குவார்கள். பிறகு ஒரு நாள், தேதி முடிந்த மாத்திரை ஒன்றை எடுத்து, மேல்பூச்சைத் தண்ணீரில் கழுவி, நுணுக்கி, ஒரு கண்ணாடி டம்ளர் பிளேன்டீயில் போட்டுக் கலக்கிக் காட்டினேன். செம்பழுப்பாக இருந்த டீ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனா மை மாதிரி கறுத்துவிட்டது. அந்த நாள் எங்கள் சென்டரில் இருந்த பாட்டி ஒருவர் கையைத் தட்டி, "அதான் சொன்னேன்! பிள்ளை இப்படித்தான் கறுக்கும்" என்று எழுந்துவிட்டார். எனக்கு ஒரு நிமிடம் கைகால் ஓடவில்லை. நான் காட்டப் போனது ஒன்று, அவர்கள் பார்த்தது வேறு.

அன்றைக்குக் கடவுளாகப் பார்த்து எலுமிச்சம்பழம் ஒன்று வைத்திருந்தேன். இன்னொரு மாத்திரையை அதேபோலக் கழுவி நுணுக்கி, எலுமிச்சைத் தண்ணீரில் போட்டேன். கறுக்கவில்லை. "பாட்டி, ரெண்டுலயும் ஒரே மாத்திரைதான். இதுல ஏன் கறுக்கல?" என்று கேட்டேன். அவர் இரண்டு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, "அப்ப டீத்தண்ணியிலதான் கோளாறு" என்றார். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு நோட்டிலும் மாத்திரைப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுகிறேன்: மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. குமட்டினால் ராத்திரி படுக்கும் முன் போடலாம். புளிப்பான பழம் கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அதற்குக் கடையில் ஆரஞ்சு வாங்க வேண்டியதில்லை, நெல்லிக்காய், கொய்யா, எங்கள் வேலியோரம் காய்க்கிற மரத்தக்காளி போதும். மலம் கறுப்பாகப் போகும், அது உள்ளே ரத்தம் கசிவதல்ல, சேராமல் மிஞ்சிய இரும்பு. இந்தக் கடைசி வரியை முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். பாதிப் பேர் மாத்திரையை நிறுத்துவது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டால், கறுப்பைப் பார்த்ததும் "டீச்சர் சொன்னபடிதான் இருக்கு" என்று நம்பிக்கை கூடுகிறது. இப்போது 180 நாள் சாப்பிட வேண்டியிருப்பதால் இந்த நம்பிக்கை இல்லாமல் முடியாது.

மலைக்கென்று இன்னொன்றும் உண்டு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். உயரத்தில் காற்றில் பிராணவாயு மெலிவு என்பதால் இங்கே வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ரத்தசோகையைக் கணிக்கும்போது உயரத்துக்கென்று தனியாகக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே 11 வந்துவிட்டது என்று இங்கே யாராவது மாத்திரையை நிறுத்தினால் நான் விடமாட்டேன். அதே நேரம், எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் பரம்பரையாக வரும் அரிவாள் செல் சோகை இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்காமல் நாமாக மாத்திரையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நோட்டில் இருப்பது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதை மகள் பிறந்த பத்தாம் நாள் பார்த்தேன். மார்கழி. காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருக்கும். 'பச்சிளங்குழந்தையைக் கதகதப்பாக வையுங்கள்' என்ற வரியை என் கணவர் மாமிக்குப் படித்துக் காட்டினார். நோட்டில் மாமிக்குப் பிடித்த ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும். அன்று ராத்திரி இரும்புச் சட்டியில் கரியை அள்ளிப் போட்டுக் கணப்பு மூட்டி, கட்டிலுக்கடியில் வைத்து, ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்து, கதவைச் சாத்தினார். அறை நிஜமாகவே கதகதப்பாக இருந்தது.

நடு ராத்திரி எழுந்தபோது மண்டை பிளந்தது. வாந்தி. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்று தூக்கினால் துவண்டு கிடந்தாள், வாய் வைக்கவில்லை. பிரசவ உடம்பு, அதனால்தான் இப்படி என்று நினைத்தேன். கால் தடுமாறிக் கதவைப் பிடித்துத் திறந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. குளிர் காற்று முகத்தில் அடித்தது. பிள்ளை சிணுங்கினாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கரிப்புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னபோது மாமி, "புகையே இல்லியே சாமி, தணல்தான வச்சேன்" என்று அழுதார். அதுதான் அதில் உள்ள மோசம். கரி கனன்று எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரி திரும்பி வரும்.

அதனால் 'கதகதப்பு' என்று மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை. கணப்பு வேண்டவே வேண்டாம் என்று முதலில் சொல்வேன். வெந்நீர் வைத்துவிட்டு மிஞ்சிய தணலைக்கூட அறைக்குள் கொண்டுவரக் கூடாது. பிறகு என்ன செய்வது என்று கேட்பார்கள். பிள்ளையை டயபர் அல்லது துணியோடு மட்டும் விட்டு, தாயின் வெறும் நெஞ்சில் ஒட்டவைத்து, அதன் மேல் சேலையும் கம்பளியும் சுற்றி, தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். தாயின் உடம்புச் சூடே போதும். ராத்திரி முழுதும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை, விழித்திருக்கும்போது அப்பாவும் பாட்டியும் இப்படியே வைத்துக்கொள்ளலாம். பிறந்த அன்றைக்கே குளிப்பாட்ட வேண்டாம், ஒரு நாளாவது போகட்டும். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம், சாம்பிராணிப் புகைக்கு முகத்தைக் காட்ட வேண்டாம். இதில் சாம்பிராணியை விடச்சொல்வதுதான் கஷ்டம். நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: "சாம்பிராணி போடுங்க பாட்டி, சாமி அறையில போடுங்க. பிள்ளை வேற ரூம்ல இருக்கட்டும்." முழுதாகப் பிடுங்காமல் இடத்தை மட்டும் மாற்றினால் கேட்கிறார்கள்.

தடுப்பூசிப் பக்கத்தில் எனக்கு அவ்வளவு போராட்டம் இல்லை. பணத் தவணையும் அதோடு கட்டப்பட்டிருந்ததால் மகள் நோட்டில் ஆறு, பத்து, பதினான்கு வாரத்துக் கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருக்கின்றன. காய்ச்சல் வருகிறதே என்று தயங்குகிறவர்களிடம், "முத்தடுப்பு மருந்து தயாரிக்கிற பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நம்ம குன்னூர்லதான் இருக்கு, 1907-லேருந்து" என்று சொல்வேன். தெரிந்த ஊர்ப் பெயர் ஒன்று வந்ததும் முகம் கொஞ்சம் இளகும். ஆனால் மூன்றாவது தவணைப் பணம் வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்த நோட்டை யாரும் தொடவில்லை. எடைப் பக்கம் ஏழாம் மாதத்தோடு நிற்கிறது. இடையில் போட்ட நாலு புள்ளிகளையும் கோடாக இணைக்கக்கூட இல்லை.

2019-ல் மகன் பிறந்தான். அதற்குள் நான் டீச்சர். மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டேன், கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்திலிருந்த பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் நானே சாப்பிட்டேன். முன்பு எங்கள் வீட்டில் அப்படி வந்த பொருள் பிள்ளைகள் வாய்க்கும் விருந்தாளிக்கும்தான் போகும். பையன் 2.9 கிலோ. ஆனாலும் மாதாமாதம் எடை போடுவதற்கு மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைய தராசுல வைக்காத. கண்ணு பட்டுரும்." அதோடு குளிரில் ஸ்வெட்டரைக் கழற்ற விடமாட்டார்.

எனக்குத் தோன்றியது இது: மாமி வாழ்க்கை முழுதும் தராசோடு இருந்தவர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று அரைக் கிலோவுக்குச் சண்டை போட்டவர். படிக்கத் தெரியாது, ஆனால் தன் எண்ணிக்கை போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று மனசிலேயே சொல்வார். "மாமி, ஸ்வெட்டரோட நிறுத்தா அது ஈரக் கொழுந்த நிறுத்த மாதிரி. பொய்க் கணக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்கும் அவரே ஒரு வழி சொன்னார்: குளிரில் கழற்றாதே, உடுப்போடு நிறு, பிறகு அதே மாதிரி உடுப்பைத் தனியாக நிறுத்துக் கழித்துவிடு, சாக்குக் கழிக்கிற மாதிரி. இன்றைக்கும் பனிக்காலத்தில் எங்கள் சென்டரில் அப்படித்தான் செய்கிறோம்.

எடைப் பக்கத்தை விரித்து அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் ஓட்டினேன். பச்சைப் பட்டை, மஞ்சள் பட்டை, ஆரஞ்சுப் பட்டை. ஒவ்வொரு மாதமும் புள்ளி வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். எட்டாம் மாதம் நான் கவனிக்காததை அவர் கவனித்தார். "இந்தா புள்ள, ரெண்டு மாசமா கோடு மேல ஏறாம படுத்துக் கெடக்கே?"

உண்மைதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு கஞ்சி என்று சரியாகத்தான் செய்தோம். ஆனால் கஞ்சி தண்ணியாக இருந்தது. மாமிதான் கரைத்துக்கொண்டிருந்தார், தொண்டையில் அடைத்துவிடும் என்ற பயம். ஆறாம் மாதத்தில் உணவைத் தொடங்கச் சொல்கிற இடத்தில் எவ்வளவு கெட்டியாக என்று புரியும்படி யாரும் காட்டாவிட்டால் எல்லோர் வீட்டிலும் தண்ணிதான். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் அளவு. ராகிக் கூழைக் கெட்டியாக்கி, மசித்த முட்டையும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்தோம். அடுத்த மாதப் புள்ளி மேலே போனது. மாமி அன்றைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய் மூன்று வீடுகளில் காட்டினார். நான் டீச்சராக ஒரு வருடம் சொல்லியும் சென்டருக்கு வராத இரண்டு பாட்டிகள் அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளோடு வந்து நின்றார்கள்.

அன்றிலிருந்து நான் மருமகளிடம் மட்டும் நோட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். சமுதாய வளைகாப்புக்குக் கூப்பிடும்போது மாமியாரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். வளையல் போட்டு, கலவை சாதம் சாப்பிட்டு முடிந்ததும் ஒரே ஒரு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கிடையாது. பெரும்பாலும் ஆபத்து அறிகுறிகள் உள்ள பக்கம். கால் வீங்கினால் "நீர் எறங்குது, பிரசவம் சுலபமா ஆகும்" என்பார்கள். கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். ஆனால் முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது பிரஷர் ஏறுகிறது, வலிப்பு வரலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது, இவற்றுக்கும் அதேதான். இங்கே ராத்திரி மஞ்சு இறங்கினால் ரோடு தெரியாது, வளைவில் காட்டெருமை நிற்கும், சமவெளியில் பத்து நிமிடத்தில் வருகிற வண்டி வர நேரமாகும். அதனால் அந்தப் பக்கத்தின் அடியில் 108-ஓடு சேர்த்து, லைனில் ஜீப் வைத்திருப்பவர் நம்பரையும் அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் நம்பரையும் எழுத வைக்கிறேன். உள்ளடங்கிய ஊர்க்காரர்களிடம் தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே டவுன் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடச் சொல்வேன். மலைப்பகுதியில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க அறை இருக்கிறது, நர்சம்மாவிடம் கேட்க வேண்டும்.

இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற தாய்மார்களிடம் இந்த முறைகூடப் போதாது. அவர்களுக்குத் தமிழ் புரியும், ஆனால் வீட்டில் பாட்டியிடம் பேசுவது வேறு மொழி. நோட்டின் தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத் தமிழ். அங்கே நான் படிப்பதே இல்லை. அவர்களில் ஒரு பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டி அவர்கள் பேச்சில் சொல்கிறாள். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசினால் பாட்டிகள் என் முகத்தைப் பார்த்து மரியாதையாக மௌனமாகிவிடுகிறார்கள். அதனால் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மகள் இரண்டு நோட்டுகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது 12 வயது. தம்பி நோட்டில் கோடு அறுபதாம் மாதம் வரை ஓடுகிறது, ஓரமெல்லாம் என் கையெழுத்து. அவளுடையதில் நாலு புள்ளி.

"ஏம்மா என்னோடதுல ஒன்னும் எழுதல?"

சொன்னேன். மாத்திரையை எங்கே எறிந்தேன் என்பதையும் பின்கதவைத் திறந்து காட்டினேன். அந்தச் செடி கவாத்து வெட்டி இப்போது முழங்கால் உயரத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள், அதுவும் இரும்புச்சத்துதான். கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அன்னிக்கு மத்தியானம் டீ குடிச்சிட்டுதாம்மா அத போட்டுக்கறேன்" என்றாள். உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார்: "அந்தப் பிளாஸ்க்க இனி அன்னிக்கு மட்டும் குடுத்து விடாத புள்ள. ஒரு எலுமிச்சம்பழத்த வெட்டி வச்சு அனுப்பு."